நீளமும் விலையும்

விலை 14.99 அமெரிக்க டாலர். நீளம் ஒன்றரை மணி நேரம். நிதானமாக ஆடுகிறவருக்கு இரண்டு மணி. ‘வெண்பா’ என்கிற வீடியோ கேம் 2023 ஜூலை 31-ஆம் தேதி வெளிவந்ததிலிருந்து அதைப் பற்றி நடந்த பேச்சில் கணிசமான பகுதி இந்த இரண்டு எண்களைச் சுற்றியே இருந்திருக்கிறது. அதில் தமிழ் எப்படி வருகிறது, ஒரு குடும்பத்தின் பல வருஷத்து வாழ்க்கையைச் சமையலறையை விட்டு அதிகம் நகராமல் சொல்லிவிட முடியுமா என்றெல்லாம் கேட்டவர்களும் உண்டு. ஆனால் வாசலில் முதலில் வந்து நின்றது மளிகைக் கடைக் கேள்விதான். இவ்வளவு காசுக்கு இவ்வளவுதானா?

எனக்கு இந்தக் கேள்வி டொராண்டோவிலிருந்து வந்தது. அக்காவின் மூத்த மகன் அங்கே இருக்கிறான். அவன் பையனுக்குப் பதினோரு வயது. தமிழ் காதில் விழுந்தால் புரியும். பதில் இங்கிலீஷில்தான் வரும். வீடியோவில் அக்காவைப் பார்த்ததும் “பாட்டி” என்பான், அதற்கப்புறம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக் கேட்டு, ‘வெண்பா’ வேண்டும் என்று தகப்பனிடம் கேட்டிருக்கிறான். மூத்தவன் எனக்குப் போன் செய்தான். “மாமா, அவனா வந்து ஒரு தமிழ் விஷயத்தைக் கேட்டது இதான் முதல் தடவை. வாங்கிக் கொடுக்கணும்னுதான் இருக்கு. ஆனா ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்ளோவான்னு மனசு வரமாட்டேங்குது. நீங்கதான் விமர்சனம் எல்லாம் எழுதறீங்களே, பார்த்துட்டுச் சொல்லுங்க.”

அவன் பணத்துக்குக் கஷ்டப்படுகிறவன் அல்ல. குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிட்டால் இதைப்போல மூன்று நாலு மடங்கு செலவழிக்கிறவன். அவனைத் தடுத்தது தொகை இல்லை. ஏமாந்துவிடக் கூடாது என்கிற எச்சரிக்கை.

இந்தப் பத்திரிகையின் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கவிதைக்கும் விமர்சனத்துக்கும் என்று ஒதுக்கிக்கொண்ட பக்கங்களில் பிள்ளைகள் விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். ஆனால் குறுகிய ஒரு படைப்புக்கு என்ன விலை என்பது நம்முடைய கேள்விதான். நம்மைக் காட்டிலும் அதிகமாக இந்தக் கேள்வியால் அடிபட்டவர்கள் தமிழில் வேறு யாருமில்லை. நாற்பது பக்கக் கவிதைத் தொகுப்பைப் புத்தகக் கண்காட்சியில் எடுத்துப் பார்த்து, பின்னட்டையைத் திருப்பி, விலையையும் விரல் கனத்தையும் ஒப்பிட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போன கையை நாம் எல்லோரும் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறோம். மௌனி வாழ்நாள் முழுவதும் எழுதிய கதைகள் 24. மணிக் கணக்கில் விலை போட்டால் அவர் என்ன தேறுவார்?

நான் இருப்பது கருவடிக்குப்பத்தில். அக்கா வீடும் இங்கேதான், சித்தானந்த சுவாமி கோயிலுக்குப் போகிற வழியில். அந்தப் பக்கத்து மாந்தோப்பில்தான் பாரதிக்குக் குயில் பாட்டு பிறந்தது என்று ஊரில் சொல்வார்கள். பேரப் பிள்ளைகளுக்கு மொழி போய்விடுவது என்பது எங்கள் ஊருக்குக் கனடாவோடு வந்த புதுச் செய்தி அல்ல. 1962-இல் புதுச்சேரியின் இணைப்பு சட்டப்படி முழுமையானபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பலர். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தாக்களின் குடும்பங்கள் அவற்றில் உண்டு. பிள்ளைகள் பாரிஸுக்குப் போனார்கள், பேரன்மார்கள் அங்கே பிறந்தார்கள். ஜூலை ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்கு வருவார்கள். முத்தியால்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு பாட்டி முன்னால் நடக்க, பின்னால் இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசிக்கொண்டு வருவதை இந்த மாதம்கூடப் பார்க்கலாம். பாட்டிக்கு ‘மெர்சி’ தெரியும், ‘போன்ழூர்’ தெரியும். அதற்கு மேல் பலகாரம்தான்.

இதைச் சொல்லக் காரணம், ‘வெண்பா’ எடுத்துக்கொண்ட விஷயம் எனக்குப் புதிது அல்ல என்பதற்காக. புதிதாக இருந்திருந்தால் புதுமைக்காகவே ஒரு விலை கொடுத்திருப்பேன்.

ஆட்டத்தைச் செய்தது டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்கிற சிறிய குழு, இயக்குநர் அபி. 1988-இல் கனடாவுக்கு வந்து சேர்ந்த ஒரு தமிழ்த் தம்பதி. மனைவி பெயர் வெண்பா, கணவன் பாவலன், பிறக்கிற பையன் கவின். ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரு சமையல்; இட்லி, புட்டு, பிரியாணி என்று போகிறது. வெண்பாவின் அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கின்றன. விட்டுப்போன படியை ஆடுகிறவர் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சமையல் முடிந்தால் பேச்சு. பேச்சு முடிந்தால் சில வருஷங்கள் தாண்டிப் போய்விடும். பின்னணியில் ரேடியோவில் வரும் பாட்டுகள் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா இசையின் சாயலில் புதிதாகப் போடப்பட்டவை. 2024 மார்ச்சில் ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசும், ஏப்ரலில் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா பரிசும் இதற்குக் கிடைத்தன. பரிசு கிடைத்ததால் வாங்கலாம் என்பது வாதமில்லை. தமிழில் பரிசுகளைப் பார்த்த நமக்கு அது தெரியும்.

நேரத்துக்கு விலை என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் அது இல்லை. 1972-இல் வந்த பாங், 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எல்லாம் காசு போட்டு ஆடும் பெட்டிகள். நாணயத்தைப் போட்டால் ஆட்டம். தோற்றால் மறுபடி நாணயம். கைப்பழக்கம் இல்லாதவனுக்கு மூன்று நிமிஷம், தேர்ந்தவனுக்கு அரை மணி. நீளம் என்பது வாங்கின பொருளில் இல்லை, ஆடுகிறவன் விரலில் இருந்தது. செய்தவர்களுக்கும் ஆட்டம் சீக்கிரம் முடிவதில்தான் லாபம். ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகுதான் மொத்த விலையை முதலில் கொடுத்துவிட்டு, அதை மணிகளால் வகுக்கிற பழக்கம் வந்திருக்க வேண்டும். கணக்கு தலைகீழானது. இப்போது நீட்டுவதில் லாபம்.

2013-இல் ‘கான் ஹோம்’ என்று ஓர் ஆட்டம். ஆளில்லாத வீட்டில் ஒருத்தி நடந்து தன் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்; விலை 19.99 டாலர். அதற்கு எழுந்த கூச்சல் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். 2019-இல் ஆடம் ராபின்ஸன்-யூ செய்த ‘எ ஷார்ட் ஹைக்’ பெயரிலேயே குட்டையானது என்று சொல்லிக்கொண்டு 7.99 டாலருக்கு வந்ததால் தப்பித்தது. மறுகோடியில், 2022 ஜனவரியில் ‘டையிங் லைட் 2’ செய்த போலந்து நிறுவனம், தங்கள் ஆட்டத்தை முழுக்க ஆடித் தீர்க்கக் குறைந்தது 500 மணி நேரமாகும் என்று பெருமையாக அறிவித்தது. ஜனங்கள் மகிழ்ச்சி அடைவதற்குப் பதில் பயந்துபோனார்கள். கதை மட்டுமென்றால் இருபது மணிதான் என்று அவர்கள் பிறகு சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கண்ட தமிழ் வாசகனுக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. ஐம்பத்திரண்டாம் வாரமும் கதாநாயகி படி இறங்கிக்கொண்டே இருப்பாள். இறங்கி முடித்தால் அடுத்த வாரம் இதழ் யார் வாங்குவது?

இப்படிச் சொல்வதால், நேரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறவர்களை எல்லாம் ரசனை கெட்டவர்கள் என்று நான் ஒதுக்கிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். லாஸ்பேட்டையில் கல்லூரிக்குப் போகிற பையன் ஒருவன் சேர்த்து வைத்த ஐந்நூறு ரூபாயில் ஓர் ஆட்டம் வாங்கி, அதைக் கொண்டு ஒரு விடுமுறையைத் தள்ள வேண்டும் என்றால், அவனுக்கு நீளம் முக்கியம்தான். பசிக்கிறவனிடம் போய் இலையின் அழகைப் பேசுவது நம்மில் சிலருக்கு இருக்கிற நோய். அவன் காசு கொடுக்காமல் ஆடுகிற இலவச ஆட்டங்களின் கதை வேறு. அதில் விலை வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது; துப்பாக்கிக்கு வர்ணம் பூச ஒரு தொகை, சட்டைக்கு ஒரு தொகை. பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா எத்தனை குடும்பங்களைத் தின்ற பிறகு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டது என்பதும் தெரிந்ததே. அந்தப் பட்டியலின் முன்னால், விலையை முகத்துக்கு நேரே சொல்லி, கொடுத்ததும் கதவைத் திறந்து, ஒன்றரை மணியில் “போய் வாருங்கள்” என்று அனுப்பிவிடுகிற ஆட்டத்தில் ஒரு நாணயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

‘வெண்பா’ வெளியான அன்றே மைக்ரோசாஃப்டின் மாதச் சந்தாவிலும் கிடைத்தது. சந்தாக்காரர்களுக்கு விலைப் பிரச்னையே எழவில்லை. வாடகை நூல் நிலையம் மாதிரி. ஆனால் வாடகை நூல் நிலையத்தில் வைத்துப் படித்த எதையும் நான் விலை யோசித்துப் படித்ததில்லை. அதனாலேயே அரைகுறையாகப் படித்துத் திருப்பியது அதிகம்.

அக்காவின் இளைய மகன் இங்கேயே இருக்கிறான். அவனுடைய லேப்டாப்பில்தான் வாங்குவது என்று ஏற்பாடு. நாட்டுக்கு நாடு விலையை மாற்றி வைக்கும் வழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. வாதம் எல்லாம் டாலரில் நடந்ததால் நான் டாலர் விலையையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவனிடம் பணத்தை எடுத்துக் கொடுத்தபோது அவன் வாங்கிக்கொள்ளவில்லை. “எதுக்கு மாமா? ஸ்டீம்ல வாங்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆடிட்டு, பதினாலு நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்தா முழுப் பணமும் வந்துடும். இதுதான் ஒன்றரை மணி நேரம் ஆச்சே.”

அவன் சொன்னது விதிப்படி சரி. 2015 ஜூனிலிருந்து அந்தக் கடையில் அப்படித்தான்: வாங்கிப் பதினான்கு நாளுக்குள், ஆடியது இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால், காரணம் கேட்க மாட்டார்கள். விதி வந்த நோக்கம் நல்லதுதான். ஓடாத ஆட்டம், விளம்பரத்தில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருக்கிற ஆட்டம், இவற்றிலிருந்து வாங்குகிறவனைக் காப்பாற்ற. ஆனால் இரண்டு மணி என்ற கோட்டை வரைந்தவர்கள், அந்தக் கோட்டுக்குள்ளேயே முழுசாக முடிந்துவிடுகிற படைப்பு ஒன்று இருக்கக்கூடும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. 2021 ஆகஸ்டில் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் ‘சம்மர் ஆஃப் 58’ என்கிற ஆட்டத்தைச் செய்தவர், ஆட்டம் பிடித்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் பணத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டவர்கள் அதிகமானதால் இந்தத் தொழிலையே காலவரையறை இல்லாமல் விடுகிறேன் என்று அறிவித்தார். அவருடைய ஆட்டமும் இரண்டு மணிக்குள் முடிவது.

இதை இளையவனிடம் சொன்னேன். அவன், “அவன் ரெண்டே கால் மணி நேரமா இழுத்திருக்கலாம்ல?” என்றான். கிண்டலாகச் சொன்னானோ நிஜமாகவோ, விஷயத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கடையின் விதி ஒரு வடிவத்தின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் பதினேழாம் பக்கத்துக் கவிதையை வெட்டிய பத்திராதிபர்களை நான் அறிவேன்.

அக்கா உள்ளேயிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், “சாப்பிட்டு முடிச்சுட்டு, பிடிக்கலைன்னு இலையத் திருப்பிக் கொடுக்கறதா? எந்த ஊர் வழக்கம்டா இது?” என்றாள். இளையவன் பணத்தை வாங்கிக்கொண்டான்.

ஆடியது அவன். பார்த்தது நானும் அக்காவும். முதல் அத்தியாயம் இட்லி. தட்டுகளை அடுக்கிப் பாத்திரத்தில் வைக்க வேண்டும். அவன் ஒன்றின்மேல் ஒன்றை நேராக அடுக்கிக்கொண்டு போனான். “தட்டைத் திருப்புடா” என்றாள் அக்கா. “குழிக்கு நேர் கீழ குழி வந்தா ஆவி எப்படி மேல ஏறும்? ஓட்டைக்கு நேரா குழி வரணும்.” அவன் திருப்பினான். அதுதான் விடை. அந்தக் குறிப்பேட்டில் அழிந்துபோயிருந்த படி அது. இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் இட்லி சாப்பிட்டவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரியாது. ஆட்டத்தைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அந்த இடத்தில் மனசுக்குள் ஒரு பாதி விலையைக் கொடுத்துவிட்டேன். ஒரு கலையின் உள்ளே போய் அதன் மர்ம ஸ்தானத்தைத் தொட்டுவிட்டு, அதை ஆடுகிறவன் தானே கண்டுபிடித்தது மாதிரி அவன் கையில் கொடுப்பது லேசான காரியமில்லை. தமிழில் சமையலைப் பற்றி எழுதிய எத்தனை கதைகளில் மணமும் நினைவும் ஏக்கமும் வருகின்றன. தட்டைத் திருப்ப வேண்டும் என்பது எதில் வருகிறது?

பிறகு அக்கா இன்னொன்று சொன்னாள். அது என்னை இன்றைக்கும் விடவில்லை. திரையில் குறிப்பேட்டின் கிழிந்த பக்கம் வந்தது. வெண்பா அதைப் பார்த்து அம்மாவை நினைத்துக்கொள்கிறாள். அக்கா சாதாரணமாக, “நம்ம அம்மாவுக்கு எழுதவே தெரியாதே, கிழியறதுக்கு என்ன இருக்கு” என்றாள்.

விமர்சனம் என்று நான் எழுதியிருக்கக்கூடிய எதையும்விட அது கூர்மை. ஆட்டத்தின் அஸ்திவாரமே ஒரு குறிப்பேடு. எழுதத் தெரிந்த பாட்டி. பெட்டியில் வைத்துக் கடல் கடந்து போகிற ஒரு காகிதம். எழுத்தறிவு உள்ள வீட்டின் துக்கம் இது. எங்கள் அம்மாவின் கையில் இருந்தது அக்காவின் கைக்கு வந்தது, நடுவில் காகிதம் இல்லை. உளுந்து எவ்வளவு என்றால், “கண்ணுக்குத் தெரியும்” என்பாள் அம்மா. ஊறின அரிசியை நகத்தால் கிள்ளிப் பார்க்கிற அளவையை எந்த ஏட்டில் எழுதுவது? அந்த வகை வீடுகளில் மொழி போனால் கிழிந்த பக்கம்கூட மிஞ்சாது. ‘வெண்பா’ இதை அறியவில்லை. அறிந்தாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு படைப்பும் தன் வீட்டுக் கதையைத்தான் சொல்லும். ஆனால் ‘தமிழர் கதை’ என்று இதைப் பொதுமைப்படுத்திக் கொண்டாடுகிறவர்கள் என் அக்காவின் வாக்கியத்தை ஒருமுறை கேட்க வேண்டும்.

இனி நீளம். இந்த ஆட்டம் குட்டையானது என்பதில் இரண்டு விதக் குட்டை இருக்கிறது. வடிவத்தால் வருகிற குறுக்கம் ஒன்று; வசதி இல்லாததால் வருகிற குறுக்கம் இன்னொன்று. நமக்கு இரண்டும் தெரியும். இந்தப் பத்திரிகை 32 பக்கத்தில் வருவது அழகியல் முடிவு என்று யாராவது எழுதினால் ஆசிரியர் சிரிப்பார்.

வெண்பா என்ற பாவின் ஈற்றடி மூன்று சீரில் நின்றுவிடும். மற்ற அடிகளுக்கு நான்கு. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். காசு என்பது அங்கே அசைக் கணக்கின் பெயர் மட்டும்தான் என்றாலும், இந்தக் கட்டுரையை எழுதும்போது அந்தச் சொல் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறது. ஒரு சீரைக் குறைத்துவிட்டதாக வெண்பாவின்மீது எந்த வாசகனும் வழக்குப் போட்டதில்லை. அங்கே குறைவதுதான் அடைப்பு. மூன்றாம் சீரில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது.

ஆட்டத்தின் முன்பாதியில் அந்த மாதிரிச் சத்தம் கேட்கிறது. அத்தியாயத்துக்கும் அத்தியாயத்துக்கும் நடுவில் வருஷங்கள் போய்விடுகின்றன; போன வருஷங்களில் என்ன நடந்தது என்பதை மகன் பேசுகிற ஒரு வாக்கியத்தின் மொழியிலிருந்து நாம் தெரிந்துகொள்கிறோம். புட்டு செய்து வைத்தால் பையனுக்கு பீட்ஸா வேண்டும். அவ்வளவுதான் காட்சி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் கெட்டிருக்கும். நீளமாக்கச் சொன்னவர்கள் எதைச் சேர்க்கச் சொன்னார்கள் என்பதை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். இன்னும் பத்துப் பலகாரமா? இட்லித் தட்டை ஐந்து தடவை திருப்புவதா?

பின்பாதியைப் பற்றி எனக்கு அந்த உறுதி இல்லை. பாவலன் இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் இல்லாமல் போகிறான். மகன் வளர்ந்து, விலகி, தாய் ஊர் திரும்பிய பிறகு அவளைத் தேடி வருகிறான். அவன் அந்தக் குறிப்பேட்டைத் தன் அரைகுறைத் தமிழோடு எதிர்கொள்கிற இடம் நன்றாகவே வந்திருக்கிறது. மொழி போனதை வசனத்தில் சொல்லாமல் ஆடுகிறவன் தலையில் ஒரு சிக்கலாகவே இறக்கிவைக்கிற சாமர்த்தியம் சினிமாவுக்கோ நாவலுக்கோ கிடைக்காதது. ஆனால் அவன் மனசு திரும்புகிற விதம் அவசரம். வாசகன் சம்மதிப்பதற்கு முன்னால் சமாதானம் நடந்துவிடுகிறது. இங்கே குறுக்கம் வடிவத்தின் தேவையாக எனக்குப் படவில்லை. நான்காம் சீரை எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ விளக்கை அணைத்த மாதிரி இருக்கிறது. கூடவே, எதையும் தப்பாகச் செய்துவிட முடியாத ஆட்டம் இது. தவறினால் மறுபடி செய்யலாம், தீய்ந்த சோற்றை யாரும் சாப்பிட வேண்டியதில்லை. துக்கத்தைப் பற்றிய ஒன்றில் இந்த இலகு கொஞ்சம் அதிகம்.

ஆக, முன்பாதிக்கு முழு விலை, பின்பாதிக்குக் குறைத்து என்று பிரித்துக் கொடுக்க வழியிருந்தால் அப்படிச் செய்திருப்பேன். வழியில்லை. சி.சு. செல்லப்பா 1959-இலிருந்து 1970 வரை ‘எழுத்து’வின் 119 இதழ்களைக் கொண்டுவந்தார், புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக விற்கப் போனார். அவரிடம் வாங்கியவர் யாரும் பிடித்த பக்கத்துக்கு மட்டும் காசு கொடுத்திருக்க முடியாது. முழு இதழுக்குக் கொடுத்தார்கள், அல்லது கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் குறைவு என்பதும் அதனால் எது நின்றுபோயிற்று என்பதும் நாம் அறிந்தது. அதற்காகச் சிறு முயற்சி எல்லாவற்றையும் தர்மம் போட்டு வாழவைக்க வேண்டும் என்கிற கட்சியிலும் நான் இல்லை. அனுதாபத்தில் வாங்கிய புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. நான் கேட்கிற கேள்வி எளிமையானது: இதைச் செய்தவர்கள் தங்கள் பொருளை அறிந்து செய்திருக்கிறார்களா? தட்டு திரும்பியபோது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

திரையில் ஒன்றரை மணி. அதற்குப் பின் அக்கா பேசியது இரண்டு மணிக்கு மேல். புட்டு மாவைப் பிசிறும்போது கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்பதில் ஆரம்பித்து, அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டே என்னென்ன பாடுவாள் என்பது வரைக்கும். இளையவன் இதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்டான். இதை நான் ஆட்டத்தின் கணக்கில் வரவு வைக்கவில்லை. அது அக்காவின் பணம். ஆனால் மூத்தவனுக்குப் பதில் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. ஏனென்றால் டொராண்டோவில் அந்தப் பையன் தனியாக உட்கார்ந்து ஆடினால், தட்டைத் திருப்பு என்று சொல்ல அங்கே ஆளில்லை. அவன் தகப்பனுக்கும் தெரியாது. பையன் நாலு தடவை தப்பாக வைத்து, ஐந்தாம் தடவை சரியாக வைத்து, அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவான். அந்தக் கணக்கில் ஒன்றரை மணி ஒன்றரை மணிதான்.

மூத்தவனுக்குப் போன் போட்டு வாங்கச் சொன்னேன். குறைகளையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ டிசம்பர்ல தள்ளுபடி வரும் மாமா, அப்ப வாங்கிக்கலாமா?” என்றான். இது ஜூலை. பதினோரு வயசுப் பையன் ஜூலையில் கேட்டதை டிசம்பரிலும் கேட்டுக்கொண்டிருப்பானா என்று அவனைத் திருப்பிக் கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, அவன் எதற்கு இதைக் கேட்டான் என்று தனக்கே புரியவில்லை என்றான். படத்தில் இருந்த பொம்பளை பாட்டி மாதிரி இருக்கிறாள் என்று பையன் சொன்னானாம்.

அன்று ராத்திரியே வாங்கிவிட்டான். சனிக்கிழமை ஆடுவதாக முடிவாகியிருக்கிறது. இங்கே அக்கா வீடியோவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களுக்குக் காலை எட்டு மணி, எங்களுக்குச் சாயங்காலம் ஐந்தரை. அக்காவிடம் கனடாப் பணத்தில் என்ன விலை, நம் பணத்தில் எவ்வளவு என்று சொன்னபோது அவள் அதை இட்லி அரிசியாக மாற்றிப் பார்த்து, “அவ்வளவா?” என்றாள். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆறு மணிக்கு விளக்கேற்ற வேண்டும், அதனால் அரை மணி நேரம்தான் உட்காருவேன், இட்லியை மட்டும் முடித்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். புட்டு அடுத்த வாரம்.